மாம்பழக்கூழும் மாத்திரையும்: இந்திய உணவு, மருந்துத் தொழில்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் நான்கு சீசன் வேலை பார்த்துவிட்டு சிங்கப்பூர் வந்தவன் நான். துவாஸில் ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் சேர்ந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு தொழிலையும் உள்ளேயிருந்து பார்த்தவன் என்பதால் தேக்கா சந்தையிலும், கோயில் அன்னதான வரிசையிலும், ஆலைப் பேருந்திலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, கீழே எனக்குத் தெரிந்த பதிலைத் தந்திருக்கிறேன்.

1. உணவு பதப்படுத்தறதுன்னா ஊறுகாய், அப்பளம்தானேண்ணே? அதைப் போய்ப் பெரிய தொழில்னு சொல்றீங்க?

ஊறுகாயும் அப்பளமும் அதில் அடக்கம். நெல்லை அவித்து அரைத்து அரிசியாக்குவதும், பாலைச் சூடேற்றிப் பையில் அடைப்பதும், கடலையை ஆட்டி எண்ணெய் எடுப்பதும்கூட இதே தொழில்தான். இந்தியாவில் பெரும்பகுதி இந்த முதல் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. பழத்தைக் கூழாக்குவது, மீனை உறையவைத்துப் பொட்டலமாக்குவது போன்ற அடுத்த கட்டத்தில்தான் விவசாயிக்கும் தொழிலாளிக்கும் கூடுதல் காசு இருக்கிறது. நாடு பின்தங்கியிருப்பதும் அங்கேதான். தேக்காவில் நீங்கள் வாங்கும் பொன்னி அரிசி முதல் கட்டம். அதே கடையின் மேல்தட்டில் இருக்கும் மாம்பழக்கூழ் டின் இரண்டாம் கட்டம்.

2. மருந்து வேற, சாப்பாடு வேற. ரெண்டையும் ஏன் ஒண்ணாச் சேத்துப் பேசுறீங்க?

சட்டமே சேர்த்துத்தான் பேசியது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (பேட்டன்ட்) சட்டம் உணவு, மருந்து இரண்டையும் ஒரே பிரிவில் வைத்து, இவற்றில் எந்தப் பொருளுக்கும் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. 1911ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது.

இதற்கு அடித்தளம் போட்டவர் ஒரு தமிழர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் கொடுத்த அறிக்கைதான் அது. இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவர் கையில் இருக்கின்றன, அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில் உற்பத்திக்கு வரவே இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். அதாவது நாமும் செய்யக்கூடாது, அவர்களும் இங்கே செய்யமாட்டார்கள்.

இரண்டுக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. வாங்குபவரால் சோதித்துப் பார்க்க முடியாது. கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கலாம். மாத்திரையையும் மூடிய டின்னையும் செய்தவரை நம்பித்தான் வாங்குகிறோம்.

3. இந்திய மாத்திரை மட்டும் எப்படி இவ்வளவு மலிவு? தரத்துல கைவச்சிருப்பாங்கன்னுதானே அர்த்தம்?

அப்படி அர்த்தமில்லை. மலிவுக்கு முதல் காரணம் மேலே சொன்ன சட்டம். அது 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒரு மருந்தை வேறொரு வழியில் செய்ய முடிந்தால் யாரும் செய்யலாம் என்றானதும், வேதியியல் படித்த இந்தியர்கள் வேறு வழிகளைத் தேட ஆரம்பித்தார்கள். ஏழு படிகளில் செய்ததை ஐந்து படிகளில் செய்வது, விலை கூடிய கரைப்பானுக்கு மாற்று கண்டுபிடிப்பது, வீணாவதைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துவது என்று இருபது முப்பது ஆண்டுகள் கைப்பழக்கம் சேர்ந்தது. தரத்தைக் குறைப்பதும் செலவைக் குறைப்பதும் ஒன்றென்று நினைத்துவிடக்கூடாது.

இரண்டாவது காரணம் அரசு ஆலைகள். 1954இல் புனே அருகே பிம்பிரியில் உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் உருவானது. 1961இல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற அரசு மருந்து நிறுவனம் வந்தது, அதன் ஹைதராபாத் ஆலையில் வேலை பழகியவர்கள் பலர் வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கே. அஞ்சி ரெட்டி அவர்களில் ஒருவர். அரசு ஆலைகள் பின்னாளில் நொடித்துப்போயின. ஆனால் அவை ஆளை உருவாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போயின. ஹைதராபாத் மருந்து நகரமானது இப்படித்தான்.

இதன் பலன் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. எச்.ஐ.வி. நோயாளிக்கு மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சை ஓர் ஆண்டுக்கு 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்த காலத்தில், 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஆப்பிரிக்காவில் அன்று சாகவேண்டியிருந்தவர்கள் பலர் இன்று உயிரோடு இருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பதற்காக நான் பெருமைப்படும் விஷயம் இதுதான்.

4. 2005ல அந்தச் சட்டத்தை மாத்திட்டாங்களே, அப்புறம் எப்படித் தாக்குப்பிடிச்சாங்க?

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005இல் பொருளுக்கான காப்புரிமை திரும்பவந்தது உண்மை. அதற்குள் இந்திய ஆலைகள் காப்புரிமைக் காலம் முடிந்த மருந்துகளை அமெரிக்காவுக்கே விற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. 1984இல் அமெரிக்கா தன் சட்டத்தை மாற்றிப் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது அவர்களுக்குக் கைகொடுத்தது.

புதிய சட்டத்தில் இந்தியா 3(டி) என்ற ஒரு பிரிவைச் சேர்த்தது. தெரிந்த மருந்தையே சற்று மாற்றிக்கொண்டுவந்தால், நோயாளிக்குக் கூடுதல் பலன் உண்டென்று காட்டினால்தான் காப்புரிமை. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம் இதனால்தான் தள்ளுபடியானது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய் 2013 ஏப்ரல் 1இல் தீர்ப்பானது. நிறுவனம் தோற்றது. மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து, பொதுப்பெயரில் பத்தாயிரம் ரூபாய்க்குள் தொடர்ந்து கிடைத்தது.

5. மாம்பழம் அவ்வளவு விளையுற ஊர்ல, சீசன் வந்தா ரோட்டுல கொட்டுறாங்களே. ஒரு ஆலை வச்சா தீராதா?

ஆலைகள் இருக்கின்றன; கிருஷ்ணகிரியில் நிறையவே இருக்கின்றன. அங்கே கூழுக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா என்று சொல்லும் கிளிமூக்கு மாங்காய். மே கடைசியில் வரத்து தொடங்கும், ஜூலையோடு ஓயும். அந்த இரண்டரை மாதம் ஆலை இரவு பகலாக ஓடும். லாரியில் கைபோட்டு நாலைந்து பழத்தை எடுப்போம், சாற்றில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்போம். உள்ளே தெரியும் கோடு 14ஐத் தொட்டால் இனிப்பு போதும்; லாரி உள்ளே போகலாம். பிறகு பழுக்கவைத்து, தோலும் கொட்டையும் நீக்கி, கூழைச் சூடேற்றி ஆறவைத்து, கிருமிநீக்கிய பையில் நிரப்பி டிரம்மில் அடைப்போம். ஒரு டன் பழத்தில் தோராயமாகப் பாதிதான் கூழாகத் தேறும்.

மீதி ஒன்பதரை மாதம் கொதிகலன் குளிர்ந்து கிடக்கும், வங்கி வட்டி மட்டும் ஓடும். போன ஆண்டுக் கூழ் கிடங்கில் தேங்கியிருந்தாலோ, வெளிநாட்டு ஆர்டர் குறைந்தாலோ ஆலைக்காரர்கள் வாங்கும் விலையை இறக்கிவிடுவார்கள். விவசாயியால் பேரம் பேச முடியாது, ஏனென்றால் லாரியில் இருப்பது பழுத்துக்கொண்டே இருக்கிறது. என் இரண்டாவது சீசனில் ஒரு பெரியவர் மூன்றாம் நாள் காலை வரை வாசலில் காத்திருந்தார். அவர் முறை வந்தபோது கையிலிருந்த டோக்கன் சீட்டு வியர்வையில் ஊறி எண்ணே அழிந்திருந்தது. மேல்வரிசைப் பழம் நன்றாகத்தான் இருந்தது, அடியில் இருந்தவை கசிந்துவிட்டன. லாரியை நான்தான் திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரிதான். அந்த முகம் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

மருந்தையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரைக்கு வேண்டிய மூலப்பொருள் டிரம்மில் வரும், ஆண்டு முழுக்க வரும், காத்திருக்கும். ஒவ்வொரு டிரம்மும் முந்தைய டிரம் போலவே இருக்கும். மாங்காய் ஆயிரம் தோட்டத்திலிருந்து ஆயிரம் விதமாக வந்து பத்து நாளில் அழுகிவிடும். இந்திய மருந்துத் தொழில் முன்னால் ஓடியதற்கும் உணவுத் தொழில் பின்தங்கியதற்கும் இதைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன். 2015இல் வெளியான மத்திய அறுவடைப்பின் ஆய்வு நிறுவனக் கணக்குப்படி இந்தியாவில் அறுவடைக்குப்பின் வீணாகும் விளைபொருளின் மதிப்பு ஆண்டுக்கு 92,651 கோடி ரூபாய். தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவில் குளிர்கிடங்கும், வரிசைப்படுத்தும் கொட்டகையும், முன்கூட்டிப் பேசிய விலையும் இல்லாமல் ஆலையை மட்டும் கட்டினால் வரிசையில் நிற்க இன்னொரு வாசல்தான் கிடைக்கும்.

6. பாலும் ஒரே நாள்ல கெட்டுப்போற சாமான்தானே. அதுல மட்டும் எப்படி ஜெயிச்சாங்க?

மேலே கேட்டதற்குச் சரியான மறுகேள்வி. குஜராத்தின் கைரா மாவட்டத்தில் 1946இல் உருவான பால் கூட்டுறவு (இன்றைய அமுல்), பாலைக் காலை மாலை இரண்டு வேளையும் ஊரிலேயே அளந்து வாங்கியது. கொழுப்பைச் சோதித்து அதற்கேற்பக் காசு கொடுத்தது. விலை எப்படி வருகிறது என்பது பால் ஊற்றும் பெண்ணுக்கே தெரியும். மிஞ்சும் பாலைக் கொட்டாமலிருக்க வழி வேண்டுமே? எருமைப்பாலில் கொழுப்பு அதிகம், அதைத் தெளிப்புமுறையில் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் கூட்டுறவை நடத்திய வர்கீஸ் குரியனின் நண்பர் எச்.எம். தலாயா என்ற பொறியாளர் செய்துகாட்டினார். 1955இல் ஆனந்த் நகரில் பால்பொடி ஆலை ஓடத் தொடங்கியது.

1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி இதே முறையை நாடெங்கும் கொண்டுபோனது. தமிழ்நாட்டின் ஆவினும் அந்த வழிதான். 1998 முதல் உலகில் அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. பால் தினமும் வரும், மாங்காய் இரண்டரை மாதம்தான் வரும் என்ற வேறுபாட்டையும் மறக்கக்கூடாது.

7. சிங்கப்பூர்ல வயலும் இல்ல, மூலிகையும் இல்ல. இங்க எப்படி மருந்து ஆலையா வந்து குவிஞ்சுது?

1960களில் சிங்கப்பூரும் வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த வளரும் நாடுதான். சதுப்புநிலமாகக் கிடந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கியபோது அன்றைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயைக் கேலிசெய்தவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கு முதலில் வந்தவற்றில் உணவு ஆலைகளும் இருந்தன. 1963இல் கெப்பல் துறைமுகத்தருகே பிரிமா மாவு ஆலை ஓடத் தொடங்கியது. கோதுமை ஒரு மணிகூட விளையாத தீவில் மாவு ஆலை; துறைமுகம் இருந்ததால் முடிந்தது.

மருந்து ஆலைகளும் அதே வழியில் வந்தவைதான். 1982இல் கிளாக்ஸோ நிறுவனம் ஜூரோங்கில் ரானிடிடின் என்ற வயிற்றுப்புண் மருந்தைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் துவாஸில் மருந்து ஆலைகளுக்கென்றே ஒரு தொழிற்பூங்கா, 2000இல் உயிர்மருத்துவத் திட்டம், 2003இல் பயோபோலிஸ் ஆய்வு வளாகம். இந்தியா சட்டத்தை மாற்றி உள்ளூர்க் கம்பெனிகளை வளர்த்தது. சிங்கப்பூர் காப்புரிமையைக் கண்டிப்பாக மதித்து வெளிநாட்டுக் கம்பெனிகளை வரவழைத்தது. பாதை நேரெதிர். இரண்டும் பலித்தன. வளர்வதற்கு ஒரே வழிதான் உண்டு என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

8. பாலிகிளினிக்ல குடுக்குற மாத்திரைல 'மேட் இன் இந்தியா'ன்னு போட்டிருக்கு. அம்மா சாப்பிட மாட்டேங்கிறாங்க. என்ன சொல்லட்டும்?

சாப்பிடச் சொல்லுங்கள். இங்கே விற்கும் மாத்திரை எந்த நாட்டில் செய்ததானாலும் சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவான பிறகுதான் மருந்தகத்துக்கு வரும். பதிவோடும் விடுவதில்லை. 2019 டிசம்பரில் ஆணையம் சந்தையிலிருந்த 46 வகை மெட்ஃபார்மின் மருந்துகளைச் சோதித்து, என்.டி.எம்.ஏ. என்ற வேண்டாத வேதிப்பொருள் அளவுமீறி இருந்த மூன்றைத் திரும்பப்பெற்றது. நீரிழிவுக்காக நம் வீடுகளில் தினமும் போடும் மாத்திரை அது.

அதற்கு மூன்று மாதம் முன்பு அதே பொருளுக்காக எட்டு பிராண்டு ரானிடிடின் திரும்பப்பெறப்பட்டது. ஜூரோங்கின் பெருமையாகத் தொடங்கிய அதே ரானிடிடின்! ஐரோப்பியப் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

9. அப்ப இருமல் மருந்து குடிச்சு அத்தனை குழந்தைங்க செத்தது? அதுவும் நம்ம காஞ்சிபுரத்துல செஞ்ச மருந்து. இதுக்கு என்ன பதில்?

இந்தக் கேள்விக்கு நான் தலைகுனிந்துதான் பதில் சொல்லவேண்டும். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் குடித்த, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டை-எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 விழுக்காடு இருந்தது தெரியவந்தது. அனுமதி 0.1 விழுக்காடு. 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்ததும் இந்திய மருந்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. அதே ஆண்டு நம் பக்கத்து இந்தோனேசியாவில் உள்ளூர் மருந்துகளால் 200க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

இது நடப்பது எப்படி என்றால், பாகு மருந்தில் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ சேர்ப்பார்கள். இரண்டும் தெளிவாக, கொழகொழப்பாக, இனிப்பாக இருக்கும். விஷமான டை-எத்திலீன் கிளைக்காலும் அப்படியேதான் இருக்கும். விலை குறைவு. இடைத்தரகர் கையில் லேபிள் மாறினால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் கூடத்தில் ஒரு லோடில் நாற்பது டிரம் வந்தால் நாற்பதிலும் மாதிரி எடுக்கிறோம், ஒன்றைச் சோதித்து மற்றதை நம்புவதில்லை. சோதித்தவர் கையெழுத்தும் நேரமும் பேனாவால் எழுதப்படவேண்டும். தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி மீண்டும் கையெழுத்து. எழுதாத சோதனை நடக்காத சோதனை என்றுதான் கணக்கு. இதற்குப் பெரிய அறிவியல் தேவையில்லை. கருவியும் பொறுமையும், 'இந்த லோடு வேண்டாம்' என்று சொல்ல விடும் முதலாளியும் வேண்டும்.

இது தெரியாத விஷயமும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் இதே விஷம் நூறு பேருக்கு மேல் கொன்றதால்தான் அந்நாட்டுச் சட்டம் 1938இல் கடுமையானது. நம் சென்னையிலேயே 1972இல் குழந்தைகள் இதனால் இறந்தார்கள். 2ஆம் பதிலில் சொன்ன காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு. மருந்து செய்யும் உரிமையை ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடலாம். சோதித்துப் பார்க்கும் ஆளை ஊர் ஊராக நியமிக்க ஐம்பது ஆண்டுகளாகியும் முடியவில்லை. ஏற்றுமதி ஆலைகளை வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து பார்க்கிறார்கள்; உள்ளூருக்கு மட்டும் செய்யும் சிறு ஆலைகளைப் பார்ப்பது மாநில ஆய்வாளர்கள், அவர்கள் எண்ணிக்கையில் குறைவு. உற்பத்தி நெறிகளுக்கான ஷெட்யூல் எம் விதிகளை இந்தியா 2023 கடைசியில் திருத்திக் கடுமையாக்கியது. விதி போதும். போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

10. 2024ல மீன் மசாலாவைக் கடையிலிருந்து எடுக்கச் சொன்னாங்களே, அது விஷமா?

உடனே கொல்லும் விஷம் அல்ல. மேலே சொன்னதோடு இதைக் குழப்பவேண்டாம். மசாலாவில் கிருமி வராமலிருக்க எத்திலீன் ஆக்சைடு வாயு காட்டுவார்கள். அளவுக்குமேல் தங்கி, நெடுநாள் உடம்பில் சேர்ந்தால் புற்றுநோய் அபாயம் உண்டு. ஐரோப்பா உணவில் அறவே கூடாதென்கிறது. சிங்கப்பூர் மசாலாவுக்கு ஒரு வரம்புக்குள் அனுமதிக்கிறது. 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் மசாலாவில் அது வரம்பு மீறியதாகத் தெரிந்ததும் சிங்கப்பூர் உணவு அமைப்பு திரும்பப்பெறச் சொன்னது. அடுக்களையில் இருந்ததைக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டோமே என்று பயந்து மருத்துவமனைக்கு ஓடத் தேவையிருக்கவில்லை.

11. ஊர்லேருந்து வரும்போது மாத்திரை வாங்கிட்டு வரலாமா?

சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவுக்குள் கொண்டுவரலாம். தூக்க மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து போன்ற கட்டுப்படுத்தப்பட்டவற்றுக்கு முன்அனுமதி வேண்டும். மருத்துவர் சீட்டைக் கையில் வைத்திருங்கள். குருமாவுக்கென்று கசகசாப் பொட்டலத்தைப் பையில் போடும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே அது போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் பார்வையில் வரும் பொருள். கொண்டுவரவே வேண்டாம், முந்திரி அரைத்துக்கொள்ளலாம்.

12. மூலப்பொருளைச் சீனாகிட்ட வாங்கி மாத்திரையா தட்டுனா, அது எப்படி இந்திய மருந்தாகும்?

கேட்டவர் என்னோடு வேலைபார்க்கும் தம்பி, விவரமான கேள்வி. இந்தியா இறக்குமதி செய்யும் மருந்து மூலப்பொருளில் ஏறத்தாழ 70 விழுக்காடு சீனாவிலிருந்து வருகிறது. 3ஆம் பதிலில் சொன்ன பிம்பிரி ஆலை தொடங்கியதே பெனிசிலின் செய்யத்தான். பின்னர் சீனப் பெனிசிலின் மலிவு விலைக்கு வந்து குவிந்ததும் இந்திய ஆலைகள் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. மாத்திரை மலிவானது, அடிவேர் கைவிட்டுப்போனது.

2020இல் கொரோனாவால் சரக்கு நின்றபோதுதான் இதன் ஆபத்து உறைத்தது. அந்த ஆண்டு மூலப்பொருள் உற்பத்திக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தார்கள். காக்கிநாடாவில் பெனிசிலின் ஆலை திரும்ப வந்திருக்கிறது. மறு ஆண்டு உணவுத் தொழிலுக்கு 10,900 கோடி. இந்த இரண்டாவது தொகை பெரிய கம்பெனிகளின் விற்பனையைக் கூட்ட உதவும். 5ஆம் பதிலில் வரும் பெரியவரின் டோக்கன் சீட்டுவரை அது போய்ச் சேருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

13. அண்ணே, பத்து வருஷம் இங்க உழைச்சுக் கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன். ஊருக்குப் போய் மசாலா, ஊறுகாய்னு சின்னதா ஆரம்பிக்கலாமா?

தங்கும்விடுதித் தம்பிகள் அதிகம் கேட்பது இது. ஆரம்பிக்கலாம். மருந்தைவிட உணவுதான் சிறு முதலுக்கு ஏற்றது. குறுந்தொழிலுக்கு 2020இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் வங்கிக் கடனோடு சேர்த்துச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள்; இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, சிறுதொழில் செய்பவர்களுக்குப் பயிற்சி தருகிறது. நெல்லை ஆராயும் மையமாகத் தொடங்கிய இடம் அது, நேரில் போய்ப் பாருங்கள்.

நான் பார்த்தவரை நம்மவர்கள் காசைப் போடும் வரிசைதான் தவறுகிறது. முதலில் இயந்திரம், பிறகு கண்ணைப் பறிக்கும் டப்பா, கடைசியில் சோதனை. அதைத் தலைகீழாக்குங்கள். வீட்டு மிக்ஸியில் அரைத்ததையே அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி ஈரப்பதம், பூஞ்சை நச்சு, பூச்சிமருந்து எச்சம் மூன்றையும் பாருங்கள். மிளகாய் எந்தத் தோட்டத்தில், எந்தத் தேதியில் வாங்கியது என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிமம் எடுங்கள். சிங்கப்பூருக்கு அனுப்பும் ஆசை இருந்தால் இங்கே உணவு அமைப்பில் பதிவுசெய்த இறக்குமதியாளர் ஒருவர் வேண்டும். தேக்காவில் எனக்குத் தெரிந்த அப்படி ஒருவர் புதிதாக வருபவர்களிடம் மசாலாவை ருசிபார்ப்பதற்கு முன்னால் அந்த நோட்டைத்தான் கேட்கிறார்.